முன்படியில் நின்ற கால்

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீட்டு முன்படியடியில் ஒரு சோடிச் செருப்புக் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஸல்ஹா முற்றம் கூட்டிக்கொண்டு வந்தபோது, விளக்குமாறு தானாகவே அந்த இடத்தை விட்டு விலகிப் போனது. இல்லாத செருப்பைச் சுற்றிக் கூட்டியிருக்கிறாள். அது தெரிந்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பி வந்து அந்த இடத்தையும் சேர்த்து நன்றாகக் கூட்டினாள்.

"வருவார்," என்று படியைப் பார்த்துச் சொன்னாள். படியோடு பேசுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று சிரிப்பும் வந்தது.

நடந்ததைச் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. ஞாயிறு விடியற்காலையில் கொட்டியாரக் குடாவில் அவள் கணவன் பஹ்மி போட்டிருந்த வலையைக் கிழித்துக்கொண்டு ஒரு சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குள் போனது. கப்பலில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்கவும் மாட்டாது. அவ்வளவு பெரிய உருவத்துக்குக் கீழே ஒரு வலை என்பது ஒரு தும்பு. ஆனால் அந்தத் தும்பில்தான் பஹ்மியின் வருடம் முழுவதும் கோர்த்திருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். பள்ளிவாசலில் தொழுகை அழைப்புக் கேட்டதும் மாமனார் ஆதம்பாவா நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

"மருமகன், வாங்கு சொல்லிட்டாங்க. எழும்புங்க, பள்ளிக்குப் போவம்."

பஹ்மி எழுந்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி எறிந்தான். அது ஸல்ஹாவின் தையல் மெசினில் பட்டுக் கீழே விழுந்தது.

"தொழுதுதானே வலை போட்டன்! கேட்டுத்தானே போட்டன்! கேட்டுக் கண்டது என்ன? இனி எனக்கும் அவனுக்கும் ஒரு கதையும் இல்ல!"

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றவன் ஸல்ஹாவின் நானா, அவள் அண்ணன் இன்ஷாப். பஹ்மிக்கு அவன் மச்சான் மட்டுமில்லை, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட்டாளி. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவனே அவன்தான். அவன் முகம் வெளிறிப்போனது.

"மச்சான், அல்லாஹ்வோட ஒரு கதையும் இல்லயெண்டீங்களே, என்ன சொன்னீங்கெண்டு விளங்குதா? ஈமான் போயிட்டு. ஈமான் போனா நிக்காஹ்வும் போயிட்டு. இனி என்ட தங்கச்சி உங்களுக்கு ஹறாம்."

ஈமான் என்ற நம்பிக்கை போனால் நிக்காஹ் என்ற கல்யாணமும் முறியும், கட்டியவளும் விலக்கப்பட்டவளாவாள் என்பது இன்ஷாப்பின் கணக்கு. கிண்ணியாவில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் வந்து இருப்பான். வீடு பெண்ணுடையது. ஆகவே ஒன்று உடைந்தால் வெளியே போகிறவனும் ஆண்தான். தான் சொன்னதை இன்ஷாப்பின் வாயிலிருந்து கேட்டபோது பஹ்மியின் கண்கள் ஒரு குழந்தையின் கண்களைப் போல் விரிந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு மீனவர் தங்கும் கடற்கரை வாடிக்குப் போனவன், பிறகு வரவே இல்லை.

* * *

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இன்ஷாப் கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியும் ஒரு மஸ்கத் அல்வாப் பெட்டியும் இருந்தன. ஸல்ஹா பதில் ஸலாம் சொல்லிவிட்டுப் பெட்டிகளைப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு நானா?"

"பின்னேரம் நிக்காஹ்."

"யாருக்கு?"

"யாருக்கெண்டா? உனக்குத்தான்."

"எனக்குப் புருசன் இரிக்கார்."

இன்ஷாப் பெருமூச்சு விட்டான். கதிரையில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னான். பின்னேரத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டுப் பாஹிம் மரைக்கார் வருவார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மனிசன், ஒரு சாட்சி. தான் இன்னொரு சாட்சி. பஹ்மி எல்லோருக்கும் முன்னால் கலிமாச் சொல்லி மார்க்கத்துக்குத் திரும்பி வருவான். வாப்பா பெண்ணின் பொறுப்பாளரான வலியாக நின்று நிக்காஹ்வைப் புதிதாகச் செய்து வைப்பார். ஐந்து நிமிட வேலை.

"அவர் ஒத்துக்கொண்டாரா?"

"ஒத்துக்கொண்டார். அழுதுட்டு ஓமெண்டார்."

அதுதான் ஸல்ஹாவைக் குத்தியது. அவன் அழுததை நானா பார்த்திருக்கிறான், அவள் பார்க்கவில்லை.

"வாப்பா?" என்றாள்.

ஆதம்பாவா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு யன்னலடியில் இருந்தார். மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் பகைக்கத் தெரியாதவர். "ஒரு பாதுகாப்புக்கு, பேணுதலுக்கு ஒருக்காச் செய்தா என்ன மகள்? குறைஞ்சா போயிடும்?"

"குறையும் வாப்பா. நான் அதுக்கு ஒத்துக்கொண்டா, என்ட புருசன் மார்க்கத்தை விட்டுட்டுப் போனவர் எண்டு நானே கையெழுத்து வைக்கிற மாதிரி. நாளைக்கு ஒரு சண்டை சச்சரவு வந்தா ஊர் என்ன சொல்லும்? 'அவன் ஒருக்கா வெளிய போய் வந்தவன்தானே' எண்டுதான் சொல்லும். அந்தப் பேர் கடலில கழுவினாலும் போகாது."

"நான் உன்னை ஹறாத்தில விடேலாது ஸல்ஹா!" இன்ஷாப்பின் குரல் உடைந்தது. அவன் நடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனும் சரியாகத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. "நாளைக்கு மறுமையில என்னைத்தான் கேப்பாங்க. கண்டுட்டுச் சும்மா இருந்தியா எண்டு."

"அது சரி. நீங்க இதை மார்க்கம் படிச்ச எந்த ஆலிமிட்ட கேட்டீங்க?"

"கேக்கிறதுக்கு என்ன இரிக்கு? தெளிவான விசயம். பயான்ல எத்தினை தரம் கேட்டிரிக்கன்."

இன்ஷாப்பின் இரும்புக் கடையில் ஆணி விற்பனையை விடப் போனில் பயான் பேச்சு அதிகம் ஓடும் என்பது தெருவுக்கே தெரியும்.

"அப்ப ஒருத்தரிட்டயும் கேக்கல்ல," என்றாள் ஸல்ஹா. அபாயாவை எடுத்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருந்த தொப்பியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"எங்க போறாய்?"

"நீங்க கேக்காமல் விட்டதைக் கேக்கப் போறன். மஸ்கத்தை எறும்பு படாமல் அலுமாரிக்குள்ள வைங்க நானா, எப்பிடியும் தின்னத்தான் போறம்."

* * *

வாடி என்பது நாலு கம்பும் தென்னங்கிடுகும்தான். அதற்குப் பின்னால் கடல் வெயிலில் கண்ணாடித் துண்டுகளாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல், ஊரிலேயே யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒன்றைப் போல நின்றுகொண்டிருந்தது.

பஹ்மி மிஞ்சிய வலைத் துண்டைத் தைத்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன், அவளைக் கண்டதும் எழுந்து இரண்டடி பின்னால் போனான்.

"உள்ளுக்கு வராத ஸல்ஹா. அங்கயே நில்லு."

"ஏன், பாம்பு இரிக்கா?"

"பகிடி விடாத. நாம இப்ப அந்நியம்." அவன் கண்ணைத் தாழ்த்தி மணலைப் பார்த்தான். தெருவில் யாரோ ஒரு பெண் போகும்போது பார்வையைத் தாழ்த்துவதுபோலத் தாழ்த்தினான்.

அவளுக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பு வந்தது. தாடி கலைந்து, சேட்டில் ஒரு பொத்தானும் இல்லாமல், சொந்தப் பெண்சாதியைப் பார்க்கப் பயந்துகொண்டு நிற்கிற இந்த மனிசனை யார் மார்க்கத்தை விட்டவன் என்று சொல்வது?

"சாப்பிட்டீங்களா?"

"பசி இல்ல."

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை இங்க வந்தாப் பிறகு தொழுதீங்களா?"

பஹ்மி வலை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். களவு பிடிபட்டவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். "அண்டைக்குப் பொழுதுபட மஃரிப் வாங்கு கேட்டிச்சு. பள்ளிக்குப் போக வெக்கம். கூடுமோ கூடாதோ தெரியல்ல. பழகின கால், தானா எழும்பிட்டு. கடல் தண்ணியில கை கால் கழுவி வுளூ எடுத்து இந்த மணலில தொழுதன். அதுக்குப் பிறகும் ஒரு வக்துத் தொழுகையும் விடல்ல. ஆனா இண்டைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போகேலாது. பின்னேரம் கலிமாச் சொன்னாப் பிறகுதான் பள்ளிக்குள்ள கால் வைப்பன்."

"தலையைத் தரையில வச்சு சுஜூதில என்ன கேட்டீங்க?"

"என்னத்தைக் கேக்கிற? மன்னிச்சிரு எண்டுதான்."

ஸல்ஹா கரையேற்றியிருந்த மீன்பிடிப் போட்டின் விளிம்பில் சாய்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு அடி வயிறு வரைக்கும் போய் வந்தது.

"மத்தியானம், இனி அவனோட கதை இல்லயெண்டீங்க. மஃரிபுக்கு அவனோடயே கதைச்சிட்டு இருந்திரிக்கீங்க. எங்கட வீட்டில நீங்க என்னோட கோவிச்சாலும் இதைவிடக் கூட நேரம் பேசாமல் இருப்பீங்களே."

பஹ்மியின் தாழ்ந்திருந்த பார்வை ஒரு கணம் அவள் கால் விரல் வரைக்கும் வந்து போனது.

அவள் தொப்பியை எடுத்து நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை. போட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு சிப்பியையும் வைத்தாள்.

"போனைக் கையிலயே வச்சிருங்க," என்றாள்.

* * *

குறிஞ்சாக்கேணியில் சனூஸாவின் வீட்டு முற்றம் முழுக்க ஈர உடுப்புகள் தொங்கின. சனூஸா அவளோடு ஒன்றாகப் படித்தவள். பிறகு அரபுக் கல்லூரியில் ஓதி மௌலவியாவானாள். இப்போது பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை மதரசா இல்லாததால், ஒரு வாரத்து அழுக்கோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க புதுப்பொம்பள," என்றாள் வாய்க்குள் கொடிக் கிளிப்பை வைத்துக்கொண்டு. "கேள்விப்பட்டன். பின்னேரம் கல்யாணமாமே. எனக்குச் சொல்லல்ல?"

"விசர்க் கதை கதைக்காத. பதிலைச் சொல்லு."

ஸல்ஹா எல்லாவற்றையும் சொன்னாள், கணவனுக்குச் சாதகமாக ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. சனூஸா கிளிப்பை எடுத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தாள். பகிடி முகம் மாறி வேறு முகம் வந்தது.

"இஞ்ச பாரு. கோபமெண்டது எல்லாத்துக்கும் சாட்டில்ல. தெரிஞ்சுகொண்டு, விளங்கிக்கொண்டு ஒருத்தன் சொன்னா அது பாரதூரம். நக்கலுக்குச் சொன்னாலும் பாரதூரம். ஆனா கோபத்தில கண் மறைஞ்சு, என்ன சொல்றமெண்டே தெரியாமல் வாயால வந்ததுக்கு அந்தச் சட்டம் இல்ல. பாலைவனத்தில ஒட்டகத்தைத் தொலைச்ச மனிசன்ட கதை தெரியும்தானே?"

"சின்ன வயசில கேட்டது."

"சாப்பாடு, தண்ணி எல்லாம் அந்த ஒட்டகத்தில. இனி மௌத்துத்தானெண்டு படுத்திட்டான். கண் முழிச்சா ஒட்டகம் முன்னால நிக்குது. சந்தோசத்தில நாக்குப் புரண்டு, அல்லாஹ்வைப் பார்த்து 'நீ என்ட அடிமை, நான் உன்ட றப்பு' எண்டு தலைகீழாச் சொல்லிட்டான். இதைவிடப் பெரிய வார்த்தை இரிக்கா? ஆனா நபியவங்க அவனைக் காபிராப் போனான் எண்டு சொல்லல்ல. சந்தோசம் கூடிப் பிழை விட்டுட்டான் எண்டுதான் சொன்னாங்க. ஒட்டகம் கிடைச்ச சந்தோசத்தில நாக்குப் புரளலாமெண்டா, வலை போன துக்கத்தில புரளாதா?"

ஸல்ஹாவின் கண் கலங்கியது. சனூஸா உடனே விரலை உயர்த்தினாள்.

"அழாத, நான் இன்னும் தீர்ப்புச் சொல்லல்ல. பஹ்மி மச்சானுக்கு உண்மையிலயே கண் மறைஞ்சிச்சா இல்லயா எண்டு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அவரைத்தான் கேக்கோணும். எனக்கு ஓதித் தந்த எங்கட ஹஸ்ரத்துக்குப் போன் எடுப்பம். கெதியா எடுக்கோணும், அவங்க இண்டைக்குப் பின்னேரம் உம்றா யாத்திரைக்குப் பயணம்."

ஹஸ்ரத் மூதூரில் இருந்தார். பெட்டி கட்டுகிற சத்தமும், வழியனுப்ப வந்தவர்களின் சத்தமும் போனுக்குள் கேட்டன. ஸல்ஹா தன் போனில் பஹ்மியைக் கூப்பிட்டாள். இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு, உடுப்புத் தோய்க்கிற கல்லின் மேல் ஒன்றுக்கொன்று முகம் பார்க்க வைத்தார்கள். சனூஸா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னதும், இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின.

"தம்பி, அதைச் சொல்லேக்க என்ன சொல்றமெண்டு விளங்கிச்சா?"

"இல்ல ஹஸ்ரத்." கடல் காற்றின் இரைச்சலோடு பஹ்மியின் குரல் வந்தது. "காதுக்குள்ள ஒரே இரைச்சல். தொப்பியை எறிஞ்சது நினைவிருக்கு. என்ன சொன்னதெண்டு மச்சான் திருப்பிச் சொன்னாப் பிறகுதான் தெரியும்."

"தெரிஞ்சாப் பிறகு? ஓம், சொன்னது சரிதானெண்டு நிண்டீங்களா?"

"அல்லாஹ்வே! என்ட கை கால் விறைச்சுப் போயிட்டு."

ஹஸ்ரத் யாரிடமோ பெட்டியை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். பிறகு அதே சாதாரணக் குரலில் சொன்னார். "அப்ப நீங்க முஸ்லிம்தான் தம்பி. ஞாயிற்றுக்கிழமையும் முஸ்லிம்தான். நிக்காஹ் நிண்ட இடத்திலயே நிக்குது. புதுசாச் செய்ய ஒண்டுமில்ல. எல்லாரும் கேக்கிற மாதிரிப் பாவமன்னிப்புக் கேளுங்க. ஆனா நாக்கைப் பிடிங்க. கோபம் வந்தா கீழ குந்தி இருங்க, இருந்தும் அடங்காட்டிப் படுங்க, எழும்பி வுளூ எடுங்க. மன்னிப்பு இரிக்கெண்டு இதை விளையாட்டா எடுக்கேலாது, விளங்குதா?"

"விளங்குது ஹஸ்ரத்."

"ஒருத்தனை மார்க்கத்தை விட்டு வெளிய தள்ளுறது லேசான வேலையில்ல. அவசரப்பட்ட ஆளுக்கும் அதைச் சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க. போங்க, குளிச்சிட்டு ஜும்ஆவுக்குப் போங்க."

போன் வைக்கப்பட்டது. மற்றப் போனில் காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பஹ்மி வைக்கவில்லை.

"ஸல்ஹா?"

"ஓம்."

"தொப்பிக்கு மேல வச்ச சிப்பி நல்ல வடிவு," என்றான்.

சனூஸா எழுந்து ஈரச் சாரம் ஒன்றை உதறினாள். "இனி என்ட முற்றத்தில நிண்டு காதல் கதைக்காமல் வீட்டுக்குப் போ."

* * *

ஜும்ஆ முடிந்து வந்த ஆதம்பாவா, செருப்பைக் கழற்ற முன்பே செய்தி சொன்னார்.

"மருமகன் வந்தார் மகள். கடைசி ஸஃப்பில, பின் வரிசையில நிண்டார். தொப்பி பால் மாதிரி வெள்ளையா இருந்திச்சு. அஸரையும் முடிச்சிட்டு வாறாராம்."

ஸல்ஹா இறால் ஆக்கினாள். கத்தரிக்காய் பொரித்தாள். அஸர் வாங்கு சொன்னபோது வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் மனமும் அப்படியே இருந்தது.

இன்ஷாப்பும் பாஹிம் மரைக்காரும் முதலில் வந்துவிட்டார்கள். மரைக்கார் இன்ஷாப்பின் மாமனார் வீட்டுக்குப் பக்கத்து வேலிக்காரர். நல்ல மனிசன்தான். ஆனால் எந்தச் செய்தியும் அவர் வயிற்றில் தங்கிச் செமிபாடானதில்லை. இன்ஷாப் பேரீச்சம்பழத்தையும் மஸ்கத்தையும் ஒரு தட்டில் வைத்தான்.

ஸல்ஹா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று சொன்னாள். "மரைக்கார் மாமா, வந்தது சந்தோசம். பேரீச்சம்பழம் எடுங்க. ஆனா நிக்காஹ் இல்ல. மூதூர் ஹஸ்ரத்திட்ட கேட்டாச்சு. அவர் மார்க்கத்தை விட்டுப் போகவே இல்லயாம்."

"கேட்டதா? எப்பிடி?" என்றான் இன்ஷாப்.

"போன்ல."

"போன்ல கேட்டதெல்லாம் ஒரு பத்வாத் தீர்ப்பா?"

"நீங்களும் போன்லதானே கேட்டீங்க நானா. என்ட போன் கேள்வி கேட்டிச்சு. உங்கட போன் கேக்கல்ல."

மரைக்கார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் வினையாகிப் போனது. சிரிப்பு வெளியே வந்த கணத்திலேயே ஸல்ஹாவுக்கு அது தெரிந்தது. மெதுவாகச் சொல்லுங்க என்று ஹஸ்ரத் சொன்னதை அவள் அல்லவா மறந்திருக்கிறாள்!

இன்ஷாப்பின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை நாள் அழுதது, தூங்காதது, ஓடித் திரிந்தது எல்லாம் ஊர் மனிசன் ஒருவரின் முன்னால் பகிடியாகிவிட்டது. அவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"நான் என்ட தங்கச்சிக்கு நல்லது செய்ய வந்தா என்னையே நக்கலடிக்கிறதா? இவ்வளவு நடந்தாப் பிறகும் ஒண்டும் நடக்காத மாதிரி அவர் வருவார், இவ சோறு போடுவாவா? சொல்றன் கேளுங்க. அவர் இந்தப் படியில கால் வச்சா நான் முஸ்லிமே இல்ல!"

வாசலில் பஹ்மி நின்றான்.

அவன் செருப்பைக் கழற்றியிருந்தான். ஒரு கால் மணலில் இருந்தது. மற்றக் கால் படிக்கு மேலே, அரைச் சாண் உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

ஆதம்பாவாவின் தஸ்பீஹ் மணி ஓய்ந்தது. மரைக்கார் வாயில் பேரீச்சம்பழத்தோடு அசையாமல் இருந்தார். எல்லோரும் அந்தக் காலையே பார்த்தார்கள். இன்ஷாப்பும் பார்த்தான். தான் சொன்னது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கண்கள் விரிந்தன. ஞாயிற்றுக்கிழமை பஹ்மியின் கண்கள் விரிந்ததுபோலவே விரிந்தன.

ஸல்ஹாவின் நாக்கில் வார்த்தை தயாராக இருந்தது. 'நானா, உங்கட சட்டப்படி உங்களுக்கு இப்ப ஈமானும் இல்ல, பெண்சாதியும் இல்ல.' ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஐந்து நாள் அவமானத்துக்கும் வட்டியோடு பதில். அவள் பஹ்மியைப் பார்த்தாள். வைக்கட்டும், வைக்கட்டும் என்று உள்ளே ஒரு குரல் கத்தியது.

பஹ்மி காலைப் பின்னால் எடுத்தான்.

மணலில் வைத்தான். செருப்பை மாட்டினான். திரும்பி நடந்தான்.

"மருமகன்!" என்று ஆதம்பாவா எழுந்தார். வாசலுக்கு வெளியே வெயிலும் ஒரு கோழியும் மட்டும்தான் தெரிந்தன.

ஸல்ஹா வாசலையே பார்த்தாள். போய்விட்டான். இனி வாடியிலிருந்து யார் கூட்டி வருவது? வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை கசந்து போனது.

அப்போது வீட்டின் பின்பக்கம் தட்டும் சத்தம் கேட்டது.

அவள் ஓடினாள். குசினிக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள். கிணற்றடியில் கால் கழுவிய ஈரத்தோடு பஹ்மி நின்றான். இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை.

"முன்படியால வரேலாது," என்றான் தாழ்ந்த குரலில். "மச்சான் அதில வார்த்தை வச்சிட்டார். அவர்ட ஈமான் என்ட காலுக்குக் கீழ வேணாம். இதால வரலாமா?"

ஸல்ஹா கதவை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"இது குசினிப் படி. இதைப் பத்தி அவர் ஒண்டும் சொல்லல்ல."

அவன் உள்ளே வந்தான். இறால் கறியின் வாசத்தில் ஒரு கணம் நின்றான். பிறகு மண் குடத்திலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். இன்ஷாப் கதிரையில் சரிந்திருந்தான். பஹ்மி கோப்பையை அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

"மச்சான்... நான்... அது கோபத்தில..." என்று தொடங்கினான் இன்ஷாப்.

"தெரியும் மச்சான்," என்றான் பஹ்மி. "நான் கால் வைக்கல்ல. எல்லாரும் கண்டவங்கதானே. நீங்க தண்ணியைக் குடிங்க."

இன்ஷாப் குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அந்தத் தோளின் மேல் பஹ்மியின் கை இருந்தது. இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சேட்டுப் போட்ட காலத்தில் இருந்ததுபோலவே இருந்தார்கள்.

"நானும் மெதுவாச் சொல்லியிருக்கோணும் நானா," என்றாள் ஸல்ஹா.

மரைக்கார் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கொஞ்சம் அலுவல் இரிக்கு," என்று எழுந்தார். போகும்போது ஒரு துண்டு மஸ்கத்தையும் எடுத்துக்கொண்டார். படியில் கால் வைக்க முன் ஒரு கணம் யோசித்து, தனக்குத் தடை இல்லை என்பது நினைவுக்கு வந்தவராக இறங்கிப் போனார்.

* * *

வெயில் தாழ்ந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான்மார் இருவரும் கிணற்றடியில் வுளூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மஃரிபுக்கு ஒன்றாகப் போவதாகப் பேச்சு. ஆதம்பாவா யன்னலடியில் மணி உருட்டிக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். முன்படியை யாரும் பாவிக்கவில்லை. வீடு முழுவதும் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்ததுபோல் இருந்தது.

இன்ஷாப்பின் போன் அடித்தது. அவன் மனைவி ஸிபானா. ஈரக் கையால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"நீங்க அங்க என்ன சொன்னீங்களாம்?" ஸிபானாவின் குரலில் அழுகையும் கோபமும் இருந்தன. "மரைக்கார் மாமா வேலியடியில நிண்டு வாப்பாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுப் போறார். முஸ்லிமே இல்லயெண்டு சொன்னீங்களாமே?"

"ஸிபானா, அது கோபத்தில வந்தது. அவர் கால் வைக்கவும் இல்ல..."

"எனக்கு விளங்குது. வாப்பாக்கு விளங்கோணுமே! கோபமெண்டாலும் வாயால வந்தா ஈமான் போயிட்டு, நிக்காஹ் போயிட்டு எண்டு திங்கட்கிழமை எங்கட வீட்டில சோத்துக்கு முன்னால இருந்து சொன்னது ஆரு? நீங்கதானே? வாப்பா அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. இது தெளிவாகிற வரைக்கும் இங்க வரவேணாமாம்."

போன் வைக்கப்பட்டது.

ஸல்ஹா குசினி வாசலில் நின்றாள். கதவடியில் பஹ்மியின் செருப்புக்குப் பக்கத்தில் நானாவின் செருப்பும் கிடந்தது. உள்ளே போய் அலுமாரியின் மேலிருந்த மிச்சப் பாயை எடுத்துத் தூசி தட்டினாள்.

"ஸல்ஹா..." இன்ஷாப்பின் குரல் பின்னாலிருந்து மிக மெதுவாக வந்தது. "அந்த மூதூர் ஹஸ்ரத்திட நம்பரை ஒருக்காத் தாறியா?"

சனூஸாவிடம் வாங்கி வைத்திருந்த நம்பரை அவளே அழுத்திக் கொடுத்தாள். இன்ஷாப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணி போனது. திரும்பவும் போனது. பெட்டியெல்லாம் கட்டி முடித்து, ஹஸ்ரத் எந்த வாகனத்தில் எந்த ஊரைக் கடந்துகொண்டிருக்கிறாரோ, யாரும் எடுக்கவில்லை.

பள்ளியில் மஃரிபுக்கு வாங்கு சொல்லத் தொடங்கியது.

"வாங்க மச்சான்," என்று பஹ்மி தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி இன்ஷாப்பின் தலையில் வைத்தான். "முதல்ல அவனோட கதைச்சிட்டு வருவம். ஹஸ்ரத் பிறகு எடுப்பார்."